திரைக்குப் பின்னால் எதை வைப்பது

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் முதன்முறையாக கேம் மாஸ்டர் இருக்கையில் உட்காருபவருக்கு மூன்று கவலைகள் இருக்கும். விதிகள் மறந்துபோகுமோ, கதை சப்பென்று இருக்குமோ, பூதத்தின் குரலில் பேசச் சொன்னால் வெட்கம் வந்துவிடுமோ. மூன்றும் நியாயமான கவலைகள்தான். ஆனால் இவற்றால் ஆட்டம் அவ்வளவு எளிதில் கெட்டுவிடாது. மறந்த விதியைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். கதை மெலிந்திருந்தால் ஆட்டக்காரர்களே அதற்குச் சதை போடுவார்கள். குரல் சரியில்லையென்றால் எல்லோரும் சிரிப்பார்கள், அதுவும் நல்லதுதான். ஆட்டம் உண்மையில் கெடுவது, மேசையின் ஒரு பக்கத்துக்குத் தெரிந்திருப்பதும் மறுபக்கத்துக்குத் தெரிந்திருப்பதும் யாருக்கும் தெரியாமல் விலகிப்போகும்போது. புதிய மாஸ்டர்கள் தேவைக்கு மேல் மறைக்கிறார்கள் என்பதும், மறைப்பதைக் குறைத்தாலே பாதிச் சிக்கல்கள் தீரும் என்பதும்தான் இந்த அத்தியாயத்தின் வாதம். திரை என்கிற அந்த மடிப்பு அட்டைக்குப் பின்னால் எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று பார்ப்போம்.

எண்களிலிருந்து தொடங்குவது வசதி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் ஒரு முதல்நிலை மந்திரவாதி இருக்கிறாள். அவளுடைய உயிர்ப்புள்ளிகள் 7. ஒரு கோட்டைச் சுவரில் ஏறப்போவதாக அந்தப் பாத்திரத்தை ஆடுபவர் சொல்கிறார். மாஸ்டர் மனதில் அந்தச் சுவர் 30 அடி. ஆட்டக்காரர் மனதிலோ வீட்டுக் காம்பவுண்டைவிடக் கொஞ்சம் உயரம், ஒரு 10 அடி. இருவரும் ஒரே வாக்கியத்தைத்தான் கேட்டார்கள். ஆனால் விழுந்தால் ஒவ்வொரு 10 அடிக்கும் ஓர் ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும் என்பது விதி. 10 அடியிலிருந்து விழுந்தால் அதிகபட்சச் சேதம் 6, எனவே மந்திரவாதி எழுந்து தூசி தட்டிக்கொள்வாள். 30 அடியிலிருந்து விழுந்தால் மூன்று பகடைகள். கூட்டுத்தொகை 7 அல்லது அதற்கு மேல் வருவதற்கான வாய்ப்பு 90 சதவீதத்துக்குச் சற்று அதிகம், அதாவது அநேகமாக அவள் நினைவிழந்து கிடப்பாள். 14 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த இடத்திலேயே மரணம். அதற்கான வாய்ப்பு ஆறில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஆட்டக்காரர் எடுத்தது ஒரு சின்ன அபாயம், அவர் தலையில் விழுந்தது பெரிய அபாயம். அவர் கோபப்பட்டால் அது தோற்ற கோபம் என்று மாஸ்டர் நினைப்பார். உண்மையில் அவர் ஆடாத ஆட்டத்தில் தோற்றிருக்கிறார்.

இந்த விளையாட்டில் ஆட்டக்காரர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: இப்படிச் செய்கிறேன் என்று தெரிவு செய்வது. மீதியைப் பகடையும் மாஸ்டரும் பார்த்துக்கொள்கிறார்கள். எதற்கு எதைப் பணயம் வைக்கிறோம் என்று தெரியாமல் செய்யும் தெரிவுக்கும் லாட்டரிச் சீட்டுக்கும் வித்தியாசமில்லை. இடது கதவா வலது கதவா என்று கேட்டுவிட்டு இரண்டைப் பற்றியும் எதுவும் சொல்லாத மாஸ்டர், கேள்வி கேட்டதுபோல் நடிக்கிறார். இடது கதவுக்கு அடியிலிருந்து சூடான காற்று வருகிறது, வலது கதவின் பிடி ஆட்கள் தொட்டுத் தொட்டுத் தேய்ந்திருக்கிறது என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். மேசையில் விவாதம் தொடங்கிவிடும்.

இதற்கு வரலாற்றிலிருந்தே ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. மறைப்பதற்காகத்தானே இந்தப் பதவியே உருவானது என்பார்கள். உண்மைதான். 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு பிரஷ்ய அரசருக்கு ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்து காட்டினார். பீரங்கிப்படை அதிகாரியான அவருடைய மகன் அதைத் திருத்தி 1824இல் விதிநூலாக வெளியிட்டார். இரு தரப்பும் நடுவரிடம் எழுத்தில் கட்டளை கொடுப்பார்கள். எதிரியின் படை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்த பிறகே நடுவர் அதை வரைபடத்தில் வைப்பார். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, அட்டவணைகளையும் பகடையையும் ஓரங்கட்டிவிட்டு நடுவரின் அனுபவத்தையே நம்பலாம் என்று எழுதினார். 1880இல் அமெரிக்க அதிகாரி டாட்டன் வெளியிட்ட ஸ்ட்ராட்டகோஸ் என்ற நூல் அந்த மரபில் வந்தது. அதைப் பல பத்தாண்டுகள் கழித்துப் படித்த மினசோட்டாக்காரர் டேவிட் வெஸ்லி, 1969இல் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் நகரத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாத்திரமும் தனித்தனி நோக்கமும் கொடுத்து ஓர் ஆட்டம் நடத்தினார். அதில் ஆடிய டேவ் ஆர்னசன் பிளாக்மூர் என்ற ஆட்டத்தைத் தொடங்கினார். ஆர்னசனும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். ஆக, கேம் மாஸ்டரின் கொள்ளுத்தாத்தா போர்க்களத்துப் புகைமூட்டத்தை நிர்வகித்த ஒரு ராணுவ நடுவர்.

ஆனால் அந்த நடுவர் எதை மறைத்தார் என்று பார்க்க வேண்டும். பிரஷ்ய அதிகாரிகள் முன்னால் துல்லியமாக வரையப்பட்ட பெரிய வரைபடம் விரிந்திருந்தது. மலை எங்கே, ஆறு எங்கே, பாலம் எங்கே என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஒரு பட்டாலியன் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் நடக்கும் என்பது அவர்கள் தொழில். மறைந்திருந்தது எதிரி மட்டும்தான். நம் மேசையில் அந்த வரைபடம் கிடையாது. மாஸ்டர் வாயால் சொல்வதுதான் மலை, அதுதான் ஆறு, அதுதான் பாலம். எதிரியை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நிலத்தையும் சேர்த்து மறைத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்கிற பிழை. ஆட்டக்காரர்களின் கண், காது, மூக்கு எல்லாமே நீங்கள் என்பதால், நீங்கள் சொல்லாதது அவர்களுக்கு மறைபொருள் ஆவதில்லை. அது இல்லாத பொருளாகிவிடுகிறது.

துப்பறியும் ஆட்டங்களில் இந்த வினை பளிச்சென்று தெரியும். சாண்டி பீட்டர்சனின் கால் ஆஃப் கதுலு 1981இல் வந்தது. நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடும் பகடை முறை. மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் திறமைக்கு, பயிற்சி இல்லாதவருக்கான தொடக்க மதிப்பு 25. ஒரு கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது, அதைக் கண்டால்தான் அடுத்த ஊருக்குப் போக முடியும், காண்பதற்குப் பகடை உருட்ட வேண்டும் என்று மாஸ்டர் எழுதி வைத்தால், நான்கில் மூன்று தடவை கதை அந்த அறையிலேயே நின்றுவிடும். திறமையான பாத்திரமாக இருந்தாலும் சங்கிலி நீளும்போது இதே கதிதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் நடுத்தரக் கடினம் என்பது 15. ஒரு துறையில் தேர்ந்த முதல்நிலைப் பாத்திரம் பகடையோடு 5 சேர்த்துக்கொண்டால், அதைத் தாண்ட 55 சதவீத வாய்ப்பு. பாதிக்கு மேல் என்று நிம்மதியாகத் தோன்றும். அடுத்தடுத்து மூன்று இடங்களில் இப்படி வென்றால்தான் உண்மை தெரியும் என்றால், வாய்ப்பு 17 சதவீதத்தைத் தொடாது. அதே மூன்று தடயங்களை, எது கிடைத்தாலும் அதே உண்மையைக் காட்டும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்தது ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 91 சதவீதம். தடயங்களின் எண்ணிக்கை கூடவில்லை, பகடையும் மாறவில்லை, அடுக்கி வைத்த விதம்தான் மாறியது. எந்த ஒரு முடிவுக்கும் மூன்று தடயங்களாவது வையுங்கள் என்று ஜஸ்டின் அலெக்சாண்டர் வலியுறுத்தி வருவதற்குப் பின்னால் உள்ள கணக்கு ஏறக்குறைய இதுதான்.

ராபின் லாஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். கால் ஆஃப் கதுலு வந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து அவர் அமைத்த கம்ஷூ முறையில், அடிப்படைத் தடயத்துக்குப் பகடையே கிடையாது. சரியான இடத்துக்குப் போய், அதற்குரிய திறமையோடு தேடினால் தடயம் கையில் வந்துவிடும். துப்பறியும் கதையின் சுவை தடயத்தைக் கண்டெடுப்பதில் இல்லை, கண்டெடுத்தவற்றைக் கோர்த்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது என்பது அந்த முறையின் அடிப்படை. நீங்கள் எந்த விதிநூலை வைத்து ஆடினாலும் இதைக் கடன் வாங்கலாம். இழுப்பறையைத் திறந்தால் கடிதம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். கடிதத்தில் கையெழுத்து ஏன் பாதியில் மாறுகிறது என்று அவர்கள் மூளையைக் கசக்கட்டும். பகடை வேண்டுமென்றால் வேறு கேள்விக்கு உருட்டச் சொல்லுங்கள்: வீட்டுக்காரர் வந்துவிடுவதற்குள் கிடைத்ததா, தேடிய சுவடு தெரியாமல் மூட முடிந்ததா. அங்கே தோல்விக்கு ஒரு விளைவு இருக்கிறது, கதையும் நிற்பதில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பரபரப்பு போய்விடாதா என்பது அடுத்த கேள்வி. பரபரப்பு தெரியாமையிலிருந்து பிறக்கிறது என்ற எண்ணம் இதற்கு அடியில் இருக்கிறது. தெருக்கூத்துக்கு விடிய விடிய உட்காரும் ஊர் அதை ஒப்புக்கொள்ளாது. அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் போனால் திரும்ப மாட்டான் என்று முன்வரிசையில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவன் ஒவ்வொரு அடி உள்ளே வைக்கும்போதும் வயிறு பிசைகிறது. விளையாட்டு மேசையில் முடிவு யாருக்குமே தெரியாது, மாஸ்டருக்கும் தெரியாது, ஏனென்றால் பகடை இன்னும் விழவில்லை. அந்த அறியாமை எப்போதும் கைவசம் இருக்கிறது, அதை மறைத்துப் பாதுகாக்க வேண்டிய அவசியமில்லை. ஆட்டக்காரருக்குத் தெரிய வேண்டியது இந்தப் பகடை தவறினால் என்ன போகும் என்பது. அது தெரிந்தவர் பகடையைக் கையில் வைத்துக் குலுக்கும் நேரம் கூடும், கவனித்துப் பாருங்கள்.

பழைய ஆட்டங்கள் கொடூரமாக இருந்தன, அதனால்தான் சுவையாக இருந்தன என்று வாதிடுபவர்கள் பெரும்பாலும் டூம் ஆஃப் ஹாரர்ஸை எடுத்துக்காட்டுவார்கள். கைகாக்ஸ் 1975இல் ஆரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்காக எழுதி, 1978இல் அச்சான கல்லறை அது. அதன் தொடக்கத்திலேயே சுவரில் ஒரு பச்சைப் பேய்முகம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். அந்தக் கரிய வாய்க்குள் நுழைபவர் நுழைந்த கணத்தில் இல்லாமல் போவார். பகடை, தப்பிக்கும் வாய்ப்பு, எதுவும் கிடையாது. இதைப் படித்துவிட்டுத் தன் முதல் ஆட்டத்திலேயே ஒரு பச்சைப் பேய்முகம் வைக்கும் ஆர்வம் யாருக்கும் வரும். ஆனால் அங்கே உட்கார்ந்தவர்கள் போட்டிக்கு வந்தவர்கள், ஆடிய பாத்திரங்கள் அன்றைக்குக் கையில் கொடுக்கப்பட்டவை, செத்தால் ஒன்றும் போய்விடாது. இன்னொன்று, அந்தக் கல்லறையிலேயேகூட அதே நுழைவு வழியின் தரையில் குறிப்புகள் அடங்கிய ஒரு செய்யுள் பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழில் சொன்னால் விடுகதை. இந்த வகையின் மிக இரக்கமற்ற ஆட்டம் என்று பெயரெடுத்தது கூட, கொல்வதற்கு முன்னால் எச்சரித்துத்தான் கொல்கிறது. கடினமான ஆட்டம் நடத்த ஆசைப்படுபவர்களுக்கு இந்த அத்தியாயம் தடை போடவில்லை. ஆபத்தைச் சொன்ன பிறகு அதை எவ்வளவு வேண்டுமானாலும் கடுமையாக்கலாம், சொல்லாமல் கடுமையாக்கினால்தான் அது அநியாயம்.

பாத்திரத்துக்குத் தெரியாததை ஆட்டக்காரருக்குச் சொன்னால் அவர் அதைப் பயன்படுத்திக்கொள்வாரே என்ற கவலையும் உண்டு. இதைக் கொஞ்சம் பெரிதுபடுத்துகிறார்கள் என்றே தோன்றுகிறது. முதலாவது, இங்கே சொல்லச் சொல்வதில் பெரும்பகுதி பாத்திரத்துக்குத் தெரிந்ததுதான். கோட்டைச் சுவர் 30 அடி என்பது அதன் கீழே நிற்பவளுக்குத் தெரியாதா? பத்து வருடம் காவல் வேலை பார்த்த வீரனுக்கு எதிரே நிற்பவன் தன்னைவிடத் தேர்ந்த வாள்காரன் என்பது அவன் கால் வைக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருப்பவருக்குத்தான் தெரியாது. பாத்திரம் ஆட்டக்காரரைவிட அதிகம் அறிந்தது என்பதை மாஸ்டர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது, உண்மையிலேயே பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்றை ஆட்டக்காரர் தெரிந்துகொண்டாலும், நல்ல மேசைகளில் அவர்கள் வேண்டுமென்றே வலையில் போய் விழுவார்கள், அதை ரசித்தும் விழுவார்கள். ஏமாற்றவே வந்த ஒருவர் இருந்தால் அது மறைத்துத் தீரும் சிக்கல் இல்லை, ஆட்டம் முடிந்ததும் தனியே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

பிற்காலத்து விதிநூல்கள் இந்தப் பக்கமே நகர்ந்திருக்கின்றன. வின்சென்ட் பேக்கரின் அபோகலிப்ஸ் வேர்ல்ட் 2010இல் வந்தது. வரப்போகும் கேட்டை முன்கூட்டியே அறிவிப்பது மாஸ்டர் செய்ய வேண்டிய காரியங்களில் ஒன்று என்று அது பட்டியலிலேயே போட்டது. ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் த டார்க்கில், நிலைமை கட்டுக்குள் இருக்கிறதா, ஆபத்தானதா, உயிர்போகும் நிலையா என்பதைப் பகடை உருளும் முன்பே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். பிடிக்கவில்லை என்றால் ஆட்டக்காரர் வழியை மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸே நடத்தினாலும் இந்தப் பழக்கத்துக்குச் செலவு எதுவுமில்லை. “ஏறுறேன்” என்று ஒருவர் சொன்னதும் பகடையைக் கேட்காதீர்கள். “ஏறலாம்டா. ஆனா மூணு மாடி உசரம் இருக்கு, கல்லெல்லாம் மழையில ஊறியிருக்கு. வழுக்குச்சுன்னா உன் ஆளு எந்திரிக்கிறதே கஷ்டம், கீழ காவக்காரனும் முழிச்சுக்குவான். ஏறுறியா, கயிறு கட்டப் பார்க்கிறியா?” என்று கேளுங்கள். பத்து விநாடிகூட ஆகாது. அவர் ஏறி விழுந்தால் உங்களைப் பார்த்து முறைக்க மாட்டார், பகடையைத்தான் திட்டுவார்.

சொல்வது என்றால் நீளமாகச் சொல்வது என்று பொருள் இல்லை. இங்கே எதிர்ப்பக்கத்துப் பள்ளம் இருக்கிறது. வீட்டில் எழுதி வைத்த அரைப்பக்க வருணனையை மாஸ்டர் வாசிக்கத் தொடங்கினால், நான்காவது வரியில் ஒருவர் போனைப் பார்ப்பார். அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது என்ன, ஆபத்தாகத் தோன்றுவது என்ன, தொட்டுப் பார்க்கத் தூண்டுவது என்ன, அவ்வளவு போதும். எழுத்துத் தமிழை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மேசையில் பேச்சுத் தமிழ்தான் ஓடும். அந்தப் பேச்சுத் தமிழில் நமக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. பாளையத்து அதிகாரி ஒருவன் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் எல்லோரையும் “வாங்க” என்று அழைத்து, மந்திரவாதியை மட்டும் “வாம்மா” என்கிறான், கூட வந்த கூலிக்காரனை “ஏய், நீ அங்கயே நில்லு” என்கிறான். அந்த ஊரில் யாருக்கு என்ன மதிப்பு, யாரிடம் பேசினால் காரியம் ஆகும் என்பதெல்லாம் ஒரு வருணனை வரிகூட இல்லாமல் மேசைக்கு வந்துவிட்டது. பாத்திரங்களின் குரலை மாற்றத் தெரியாதவர்கள் விளிப்பை மாற்றினாலே போதும்.

சொல்லியும் கவனிக்காதவர்கள் இருப்பார்கள். மாஸ்டருக்கு அந்தக் குறிப்பு பட்டப்பகல் போல் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் விடை அவர் கையில் இருக்கிறது. எதிரில் இருப்பவர்கள் சோர்ந்த வெள்ளிக்கிழமை மாலையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவதற்கு நடுவே கேட்கிறார்கள். முக்கியமானதை இரண்டு மூன்று விதங்களில் சொல்லுங்கள். கிணற்றில் நஞ்சு கலந்திருக்கிறது என்றால், ஓரத்தில் செத்த காகம் கிடக்கட்டும், ஊர்ப்பெண்கள் குடத்தோடு இன்னொரு கிணற்றுக்கு நடந்துபோகட்டும், குதிரை வாயை வைக்க மறுக்கட்டும். அதன் பிறகும் ஒருவர் குடித்தால், ஒருமுறை நிறுத்தி, “காக்காவ பார்த்தீங்கல்ல?” என்று கேட்பதில் மாஸ்டருக்கு எந்த மானக்கேடும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகு திரைக்குப் பின்னால் என்னதான் மிஞ்சும் என்றால், நிறைய மிஞ்சும். யாருக்கு என்ன ஆசை, யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள், ஊர்த்தலைவர் சிரித்த முகத்தோடு சொன்ன பொய் எது, இன்னும் திறக்காத கதவுக்கு அப்பால் என்ன, இவர்கள் தலையிடாவிட்டால் மூன்று நாளில் என்ன நடக்கும். இவை மறைந்தே இருக்க வேண்டும், ஏனென்றால் இவற்றைத் தேடிப் போவதுதான் ஆட்டம். பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி உதவும்: இப்போது இவர்கள் எடுக்கப்போகும் முடிவுக்கு இது தேவையா? தேவை என்றால் சொல்லுங்கள், குறைந்தபட்சம் அதன் வாசனையையாவது காட்டுங்கள். ஒரு பாத்திரம் பொய் சொல்லலாம், மாஸ்டர் சொல்லக் கூடாது. “தலைவர் வழி பத்திரமானதுன்னு சொல்றார்” என்பது ஆட்டம். “வழி பத்திரமா இருக்கு” என்று உங்கள் குரலில் சொல்லிவிட்டுக் கீழே பள்ளம் வைத்தால், அடுத்த வாரத்திலிருந்து உங்கள் வருணனை எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். தரையின் ஒவ்வொரு கல்லையும் கழியால் குத்திப் பார்த்துக்கொண்டே ஒரு மாலை முழுவதும் ஒரே நடையில் கழியும்.

திரையின் மறைவில் பகடை முடிவை மாற்றுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். அனுபவசாலிகளே இதில் இரண்டு கட்சி. ஒரு பாத்திரம் அற்பக் காரணத்தால் சாகாமல் காப்பாற்ற மாஸ்டர் எண்ணைச் சற்றுத் திருத்தலாம் என்பது ஒரு கட்சி, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பு மாஸ்டர் கையேடுகூட அதை ஒரு வழியாகக் குறிப்பிடுகிறது. விழுந்த எண்ணைத் தொடவே கூடாது என்பது மற்றக் கட்சி. புதியவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. திருத்த வேண்டிய நெருக்கடி எப்போது வருகிறது என்று யோசியுங்கள்: மாஸ்டரே எதிர்பாராத விளைவு பகடையில் வரும்போது. உருட்டுவதற்கு முன்னால் தவறினால் என்ன ஆகும் என்று உரக்கச் சொல்லிப் பழகியவருக்கு அந்த நிலை அரிதாகவே வரும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இது இந்தப் பாத்திரத்தைக் கொன்றுவிடுமே, எனக்கு அது வேண்டாமே என்று அவருக்கே தெரிந்துவிடும். பகடை விழுந்த பிறகு திருடுவதைவிட, விழுவதற்கு முன்னால் பணயத்தைக் குறைப்பது சுலபம்: விழுந்தால் சாவு வேண்டாம், மந்திரக்கோல் அகழியில் விழுந்து மிதந்து போகட்டும். சண்டைகளிலும் இதே வழிதான். எதிரியின் பகடையை மேசை நடுவிலேயே உருட்டுங்கள். இரண்டு மூன்று வீச்சுகள் ஆனதும், இந்தப் பூதத்தை அடிக்க 15 வேண்டும் என்று கவசத்தின் எண்ணையும் சொல்லிவிடுங்கள். அதற்குள் கணக்குப் போட்டு அநேகமாக அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் “பட்டுச்சா?” என்று கேட்டு நீங்கள் தாளைப் புரட்டும் நேரம் மிச்சம்.

முதல் ஆட்டத்துக்கான குறிப்புத் தாளை இப்படி எழுதிப் பாருங்கள். நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் போனவுடன் சொல்லிவிட வேண்டியவை, வலப்பக்கம் தேடினால் கிடைப்பவை. வலப்பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் இடப்பக்கத்தில் குறைந்தது ஒன்றாவது இருக்கிறதா என்று சரிபாருங்கள். இல்லாதவற்றை ஆட்டக்காரர்கள் யாரும் தேடப்போவதில்லை. அவற்றுக்கு அடையாளம் ஒன்றை எழுதுங்கள், அல்லது அடித்துவிட்டு அந்த நேரத்துக்குத் தூங்கப் போங்கள். வலப்பக்கம் நிரம்பி வழிந்து இடப்பக்கம் வெறுமையாக இருந்தால் ஆட்டத்தை ஒரு வாரம் தள்ளிப்போடலாம். இடப்பக்கம் நிரம்பி வலப்பக்கத்தில் நான்கே வரிகள் இருந்தால் அதுவே ஒரு மாலைக்குத் தாராளம்.